நாற்பத்து மூன்று நொடி

கருங்கடலோரம், கான்ஸ்டன்ட்சா நகரில்
ஒரு கீழ்த்தள அறையில்
நான் பல் செய்கிறேன்.
மருத்துவர் மாடியில். அவர் பிடுங்குவார்.
அச்சும் அளவும் கூடையில் இறங்கி வரும்.
முகங்கள் வருவதில்லை.

முதல் படம் விளையாட்டாகத்தான் போட்டேன்:
மெழுகில் நட்ட ஆறு முன்பற்கள்,
பின்னால் ஜன்னலில் மழை,
நடைபாதையில் போகிறவர்களின் கணுக்கால்கள்.
பின்தொடர்ந்தவர்கள் பதினோரு பேர்.
அதில் ஒருத்தி என் சித்தி,
ஒருவன் நான் விட்டு வந்தவன்,
இருவர் கறுப்புக் கண்ணாடி விற்கும் போலிகள்.

பிறகு ஒரு மார்ச் இரவு
உலைக் கதவைத் திறந்தபோது
பீங்கான் கடைவாய்ப்பல் ஒன்று
தகதகத்து, வெளுத்து,
மெல்ல எலும்பு நிறத்துக்கு ஆறியது.
ஒன்பது நொடி.
காலையில் ஒன்பதாயிரம் பேர்.
சாவோ பாலோவிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்:
"இதைப் பார்த்தால் தூக்கம் வருகிறது, நன்றி."

அப்புறம் கற்றுக்கொண்டேன்.
முதல் மூன்று நொடிக்குள் ஏதாவது உடைய வேண்டும்,
இல்லையேல் ஒளிர வேண்டும்.
செவ்வாய் நல்லது. ஞாயிறு வீண்.
மாலை ஏழேகாலுக்கு உலகம்
கட்டைவிரலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும்.
ஈறு தெரியக் கூடாது.
கறுப்புத் துணிமேல் வைத்தால் முத்து என்கிறார்கள்.
எண் ஏறுவதை
அடுப்பில் பாலைப் பார்ப்பதுபோல் பார்த்து நிற்பேன்.
பாலாவது கண்ணை எடுத்தால் பொங்கும்.
இது கண்ணை எடுத்தால் அடங்கிவிடும்.

நாற்பதாயிரத்துக்கு இருநூறு குறைந்த வாரம்
ஒரு முழு மேல்வரிசை முடிந்தது.
நான் செய்ததிலேயே நேர்த்தி.
இடது கோரைப்பல்லில் ஒரு சிறு தேய்மானம்,
பழைய அச்சில் கண்ட அதே இடத்தில்.
என் ஜன்னலுக்கு வெயில் வருவது
பத்து நாற்பதிலிருந்து பதினொன்று ஐந்து வரை.
திங்கள் மேகம். செவ்வாய் மேகம். புதன் தூறல்.
மாடியிலிருந்து கேட்டார்கள்.
"இன்னும் மெருகு போடணும்" என்று
பல்லைக் கடித்துக்கொண்டு பொய் சொன்னேன்.
கடிக்க எனக்குப் பல் இருந்தது.

வியாழன் அன்று அவரே படியிறங்கி வந்தார்.
ஹராலம்பியே.
டிராலி பஸ்ஸில் முப்பத்தொரு வருடம் நடத்துநர்.
கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்து
அதையும் கையால் மறைத்து
ஏதோ சொன்னார். மறுபடி சொன்னார்.
காற்று வந்தது, நடுநடுவே ஒரு ம, ஒரு ப.
பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி.
போன சொல் எப்படி இருக்கும் என்று
அன்றுதான் பார்த்தேன்.
சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்:
"நாளை குடியிருப்போர் கூட்டம்.
லிஃப்ட் பற்றி நான் பேச வேண்டும்."

வெயில் அப்போதுதான் வந்தது.
பத்து நாற்பத்திரண்டு.
கறுப்புத் துணிமேல் அந்த வரிசை
யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.
கைபேசியை ஏப்ரன் பைக்குள் போட்டேன்,
பதிவை நிறுத்த மறந்து.

பொருத்தினேன். இரண்டு முறை கடித்துப் பார்த்தார்.
கண்ணாடி நீட்டினேன், வேண்டாம் என்றார்.
நிமிர்ந்து நின்று
பதினாறாம் தடத்தின் நிறுத்தங்களைச் சொல்லத் தொடங்கினார்:
சந்தை. தபால் நிலையம். மூன்று தண்ணீர்த்தொட்டி.
த வரும் இடங்களில் நாக்கு
நின்று, தட்டி, திறந்து, உள்ளே போனது.
கதவருகே நிற்காதீர்கள் என்றும் ஒருமுறை சொன்னார்.
கோரைப்பல்லின் தேய்மானம்
டிக்கெட் கத்தையைக் கவ்விக் கவ்வி வந்தது என்றார்.

போடட்டுமா என்று கேட்டேன்.
"இருட்டுத்தானே, போடு."

ஏழேகாலுக்குப் போட்டேன்.
பைக்குள் கும்மிருட்டு, நாற்பத்து மூன்று நொடி, ஒரு குரல்.
முந்நூறு பேர் விலகினார்கள்.
பதினேழு பேர் கடைசிவரை கேட்டிருக்கிறார்கள்.
அதில் படமில்லாத ஒரு கணக்கு எழுதியது:
"தபால் நிலையத்துக்கு அப்புறம்
மாவு மில்லை விட்டுவிட்டார்."

சனிக்கிழமை கடி சரிபார்க்க வந்தவரிடம் காட்டினேன்.
லிஃப்ட் தோற்றுவிட்டதாம், ஆனால் கத்தினாராம்.
திரையை மூக்கருகே கொண்டுபோய் வாசித்தார்.
"அது தொண்ணூற்றெட்டிலேயே எடுத்தாச்சு" என்றார்,
எல்லா எழுத்தும் தெளிவாக,
கொஞ்சம் எச்சில் தெறிக்க.
"யார் இது?
என் வண்டியில் ஏறினவரா?"